150 நாள் தண்ணீர்

ஃபால்அவுட் என்ற கணினி விளையாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், ஆடியவர்கள் முதலில் சொல்வது "அதுல என்ன வேணா செய்யலாம்" என்பதுதான். எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரையும் கொல்லலாம், யாரோடும் சேரலாம். இந்தப் பாராட்டு எனக்கு எப்போதும் கொஞ்சம் இடிக்கும். 1997ல் வந்த அந்த முதல் ஆட்டத்தை இன்று எடுத்து ஆடிப் பார்த்தால் அது ரொம்பச் சின்னது. ஊர்கள் ஒரு டஜன் தேறினால் பெரிது. கதை தெரிந்தவர் ஓரிரு நாளில் முடித்துவிடலாம். வேகத்துக்காகவே ஆடுகிற ஒரு கூட்டம் உண்டு, அவர்கள் பத்து நிமிடத்துக்குள் முடித்துக் காட்டுகிறார்கள். பின்னால் வந்த எத்தனையோ ஆட்டங்களில் இதைப்போலப் பல மடங்கு நிலப்பரப்பும், எண்ணி மாளாத வேலைகளும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை நான் பாதியில் விட்டிருக்கிறேன். இதற்கு மட்டும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வருகிறேன். பரப்பளவு காரணமாக இருக்க முடியாது. வேறு ஏதோ ஒன்று பிடித்து இழுக்கிறது. அது தண்ணீர் என்று நினைக்கிறேன்.

ஆடாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2077ல் அணு ஆயுதப் போர். அதற்கு முன்பே கலிஃபோர்னியாவில் ஒரு மலைக்குள் கட்டிய நிலவறை வால்ட் 13. அதில் புகுந்தவர்களின் வாரிசுகள் 84 வருடமாக வெளியே வராமல் வாழ்கிறார்கள். 2161 டிசம்பரில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் எந்திரத்தின் சிப் பழுதாகிவிடுகிறது. வேறொரு சிப் கண்டுபிடித்துக் கொண்டுவரச் சொல்லி ஓவர்சியர் உங்களை வெளியே அனுப்புகிறார். கையில் ஒரு துப்பாக்கி, கொஞ்சம் மருந்து, 150 நாள் கெடு. அந்த 150 என்ற எண் உங்கள் கையிலுள்ள பிப்பாய் கருவியில் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். பூஜ்யம் ஆனால் உள்ளே இருப்பவர்கள் செத்தார்கள், ஆட்டம் முடிந்தது.

இந்தக் கெடுவைப் பலருக்குப் பிடிக்கவில்லை. சுதந்திரம் என்று சொல்லிவிட்டுத் தலைக்குமேல் கடிகாரத்தை மாட்டுவதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கடிகாரம் செய்கிற வேலையைப் பாருங்கள். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போக நாட்கள் ஆகும். அடிபட்டுப் படுத்துக் குணமாக நாட்கள் ஆகும். கை கால் முறிந்தால் கட்டுப்போட மணிக்கணக்கில் ஆகும். ஆகவே ஒரு கிழவர் தன் மகளைக் கொள்ளையர் தூக்கிப் போய்விட்டார்கள் என்று சொல்லும்போது, 'சரி, மீட்டுத் தருகிறேன்' என்பது இலவசமான நல்ல காரியமாக இருப்பதில்லை. வால்ட் 13ல் இருக்கிறவர்களின் தண்ணீரில் மூன்று நாளையோ ஐந்து நாளையோ எடுத்து அவருக்குக் கொடுக்கிறீர்கள். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்குக் காத்திருந்த எந்த ஊர்க்காரருக்கும் இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. செலவாகக் கூடிய ஒன்று கையில் இல்லாதவரை 'எதையும் செய்யலாம்' என்பதற்கு எடையே கிடையாது.

ஓவர்சியர் கொடுக்கிற ஒரே விலாசம் வால்ட் 15. கிழக்கே நடந்து போய், கயிறு கட்டி இறங்கிப் பார்த்தால் அது இடிந்து மண் மூடிக் கிடக்கிறது. சிப் இல்லை. இது ஆட்டத்தின் மிக முக்கியமான கட்டம் என்பேன். அதற்குப் பிறகு எங்கே போவது என்று யாரும் சொல்வதில்லை. வரைபடத்தில் அம்புக்குறி இல்லை, மேலே மிதக்கும் அடையாளம் எதுவும் இல்லை. ஒரு முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "இனி உன் பாடு" என்று கையை விரிக்கிறது. திறந்த உலகம் என்று இன்று விளம்பரம் செய்கிறார்களே, அது பெரும்பாலும் எல்லா விலாசமும் முன்கூட்டியே கொடுக்கப்பட்ட உலகம். இங்கே இருந்த ஒரு விலாசமும் பொய்த்துப்போவதால்தான் உலகம் திறக்கிறது.

சிப் இருப்பது நெக்ரோபோலிஸ் என்ற ஊரில். பழைய பேக்கர்ஸ்ஃபீல்ட் நகரத்தின் மிச்சம் அது. அதில் வாழ்கிறவர்களை 'கூல்' என்கிறார்கள்: கதிர்வீச்சில் தோல் உரிந்து உருக்குலைந்தும் சாகாமல் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கிறவர்கள். சிப் அவர்களுக்குக் கீழே, வால்ட் 12ல், ஒரு கணினியில் செருகியிருக்கிறது. அதாவது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்த ஊர் குடிப்பது அது தருகிற தண்ணீரைத்தான்.

போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம். யாரும் கையைப் பிடித்துத் தடுக்கப் போவதில்லை. காவலுக்கு நிற்கிற ஹாரி என்ற மியூட்டண்ட் ஒரு அப்பாவி முட்டாள், நீங்களும் ஒரு கூல்தான் என்று சொன்னால்கூட நம்பிவிடுவான். சிப்பை எடுத்து வந்து ஓவர்சியரிடம் கொடுத்தால் வேலை முடிந்தது, பாராட்டு கிடைக்கும். நெக்ரோபோலிஸ் தாகத்தில் சாகும், நீங்கள் திரும்பிப் போகாவிட்டால் அதைக் கண்ணால் பார்க்கக்கூட வேண்டியதில்லை.

இல்லையென்றால் சாக்கடைகளில் இறங்கித் திரியலாம். அங்கே ஒளிந்து வாழும் சில கூல்கள், மேலே ஒரு பழைய பம்ப் கெட்டுக் கிடப்பதைச் சொல்வார்கள். அதற்குத் தேவையான உதிரி பாகங்கள் சாக்கடைக் குப்பையில் எங்கோ இருக்கின்றன. உங்களுக்கு ரிப்பேர் வேலை கொஞ்சமாவது தெரிந்திருந்தால் பம்ப்பை ஓட வைத்துவிடலாம். அதன்பின் சிப்பை எடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அதற்கு நாள் ஆகும், அலைச்சல் ஆகும், ஆட்டத்தைத் தொடங்கும்போதே ரிப்பேர் திறமைக்குப் புள்ளிகள் ஒதுக்கியிருந்தால் நல்லது. பெரும்பாலானவர்கள் அப்போது துப்பாக்கிக்குத்தான் ஒதுக்கியிருப்பார்கள்.

பம்ப் சரிசெய்வது நல்லது, பிடுங்குவது கெட்டது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என்னைத் தொந்தரவு செய்வது அந்த நல்லது கெட்டது இல்லை. ஆட்டம் இதை ஒரு தேர்வாக உங்கள் முன் வைப்பதே இல்லை என்பதுதான். திரையில் இரண்டு பொத்தான்கள் வந்து 'இவர்களா, அவர்களா?' என்று கேட்பதில்லை. சாக்கடையில் இறங்கிப் பேசாதவருக்கு அப்படி ஒரு பம்ப் இருக்கிறது என்பதே தெரியாது. அவர் மனசாட்சி சுத்தமாக இருக்கும். தன் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த வீரர் அவர். உலகத்தில் தண்ணீர் சம்பந்தமாக நடக்கிற அநியாயங்களில் பாதி இந்த மாதிரிதான் நடக்கிறது, கொடியவர்களால் அல்ல, கீழே இறங்கி விசாரிக்க நேரமில்லாத நல்லவர்களால். 1997ல் ஒரு கணினி விளையாட்டு இதை ஒரு வசனமும் இல்லாமல், ஒரு பம்ப்பையும் ஒரு கெடுவையும் வைத்துக் காட்டிவிட்டது.

கெடுவை நீட்டிக்கவும் வழியுண்டு. ஹப் என்ற வணிக ஊரில் தண்ணீர் வியாபாரிகள் இருக்கிறார்கள். காசு கொடுத்தால் வால்ட் 13க்கு வண்டி அனுப்புவார்கள், 100 நாள் கூடுதலாகக் கிடைக்கும். வண்டி போனால் தடம் விழும். மறைந்திருந்த வால்ட் இருக்கும் இடம் வெளியே கசியும். எதிரிப் படை உங்கள் வால்ட்டைக் கண்டுபிடிக்க முதல் பதிப்பில் 500 நாள் என்று இன்னொரு ரகசியக் கெடு இருந்தது. தண்ணீர் வண்டி அனுப்பினால் அது 400 ஆகிவிடும். ஆடியவர்கள் நெருக்கடி தாங்காமல் புகார் செய்ததில், பிறகு வந்த திருத்தத்தில் இந்த இரண்டாவது கெடுவைக் கிட்டத்தட்ட எடுத்தே விட்டார்கள். 13 வருடம் என்று ஆக்கிவிட்டார்கள், இல்லாத மாதிரிதான். எனக்கு அதில் வருத்தம்தான். தண்ணீர் வாங்கினால் பாதுகாப்பு போகும் என்ற அந்தக் கொடுக்கல் வாங்கல் அதோடு செத்துவிட்டது.

கொஞ்சம் பின்னணி. இன்டர்ப்ளே நிறுவனத்தில் டிம் கெய்ன் 1994ல் ஏறக்குறையத் தனியாளாகத் தொடங்கிய வேலை இது. பிறகு லியனார்ட் போயார்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன், கிறிஸ் டெய்லர் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். அதே நிறுவனம் 1988ல் செய்த வேஸ்ட்லாண்ட் இதற்கு மூத்த அண்ணன். முதலில் கர்ப்ஸ் என்ற மேசை விளையாட்டின் விதிகளை உரிமம் வாங்கிப் பயன்படுத்தினார்கள். கடைசி நேரத்தில் அந்த ஒப்பந்தம் முறிந்ததால் அவசர அவசரமாகச் சொந்த விதிமுறை ஒன்றை உருவாக்கினார்கள். வலிமை, கூர்ந்து நோக்கல், தாங்கும் சக்தி, கவர்ச்சி, அறிவு, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம் என்று ஏழு குணங்கள், மொத்தம் 40 புள்ளிகள். அவசரத்தில் செய்ததுதான் இன்றுவரை அந்தத் தொடரின் அடையாளமாக நிற்கிறது.

இந்த ஏழில் 'அறிவு' என்ற எண்ணை மிகவும் குறைத்து ஆடிப் பாருங்கள். உங்கள் ஆளுக்குப் பேச்சே வராது. உறுமலும் திக்கலும்தான். ஊர்க்காரர்கள் பரிதாபப்படுவார்கள், சிலர் விரட்டுவார்கள், பல வேலைகளைத் தரவே மாட்டார்கள். வேடிக்கைக்காகச் செய்தது என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த ஆட்டத்தில் ஊர் ஊராக அலையும்போது, முன்பு உங்களுக்குக் கதவைத் திறந்தது உங்கள் வீரம் இல்லை, உங்கள் நாக்குதான் என்பது உறைக்கும்.

கடைசி எதிரியிடமும் இதே கதைதான். மாஸ்டர் என்று ஒருவன், இல்லை, பல உடல்கள் ஒன்றாய்ப் பிசைந்த ஒரு பிண்டம், ஒரு தேவாலயத்துக்கு அடியில் இருந்துகொண்டு மனிதர்களை ஒரு வைரஸ் திரவத்தில் முக்கி மியூட்டண்டுகளாக மாற்றுகிறான். வேறுபாடே இல்லாத ஒரே இனம் வந்தால் போரே இருக்காது என்பது அவன் கொள்கை. அவனைச் சுட்டுக் கொல்லலாம். கீழே உள்ள குண்டை வெடிக்க வைக்கலாம். அவனோடு சேர்ந்தும்விடலாம், அதோடு உங்கள் வால்ட் கதை முடிந்தது. இன்னொரு வழியும் இருக்கிறது. பிரதர்ஹுட் ஆஃப் ஸ்டீல் என்ற கூட்டத்தில் விரீ என்ற ஆய்வாளர் மியூட்டண்ட் பிணத்தை அறுத்து எழுதி வைத்த அறிக்கையை அவனிடம் கொடுத்து, 'உன் பிள்ளைகளுக்குப் பிள்ளை பிறக்காது' என்று நிரூபிக்கலாம். அவன் அறிக்கையைப் பார்க்கிறான், நம்புகிறான், தன் கையாலேயே எல்லாவற்றையும் அழித்துக்கொள்கிறான். ஒரு வில்லன் ஆதாரத்தைப் பார்த்துக் கருத்தை மாற்றிக்கொள்வது நிஜத்தில்கூட நான் அதிகம் பார்க்காத காட்சி.

பத்து நிமிடத்தில் முடிக்கிறவர்களுக்கும் இதே காரணம்தான். கடைசி இடத்துக்குப் போக எந்தக் கதவும் 'முதலில் அதைச் செய்துவிட்டு வா' என்று மூடியிருக்கவில்லை. மூடியிருப்பது உங்கள் அறியாமை மட்டும். இதற்கு இன்னொரு சின்ன உதாரணம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜங்க்டவுன் என்ற ஊர் டாக்டர் மார்பிட் வீட்டுக்கு அடியில் இறங்கினால் அங்கே என்ன நடக்கிறது என்பது தெரியும். வெகுதூரத்திலுள்ள ஹப்பில் பாப் என்பவர் உடும்பு மாதிரியான இகுவானாக் கறியைக் குச்சியில் செருகி விற்கிறார், வியாபாரம் ஓஹோ. இரண்டையும் முடிச்சுப் போட்டால், அது எந்தப் பிராணியின் கறி என்பது விளங்கும். அதற்குமுன் உங்கள் பையில் நாலு குச்சி இருந்திருக்கும், தின்றும் இருப்பீர்கள். நீங்களே கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடிக்காமல் ஆயுசு முழுக்கத் தின்றுகொண்டும் இருக்கலாம்.

குறைகளும் இருக்கின்றன. கெட்டவனாக ஆடினால் ஆட்டம் மெலிந்துவிடுகிறது, கொள்ளையும் கொலையும் தவிர எழுதி வைத்தது அதிகமில்லை. கூட வருகிற ஆட்கள் உங்கள் முதுகிலேயே சுடுவார்கள். டாக்மீட் என்ற அந்தப் பிரபலமான நாய்க்கு நில் என்றால் நிற்கத் தெரியாது. ராணுவத் தளத்தின் மின்வேலியில் அதுவாகப் போய் விழுந்து செத்ததைப் பற்றி இன்றும் புலம்புகிறவர்கள் உண்டு. ஜங்க்டவுனின் முடிவையும் கடைசியில் மாற்றிவிட்டார்கள். சட்டம் ஒழுங்கு என்று நிற்கும் கில்லியனை ஆதரித்தால் ஊர் இறுகித் தேய்ந்துபோவதாகவும், சூதாட்டக்காரன் கிஸ்மோவை ஆதரித்தால் செழிப்பதாகவும் முதலில் யோசித்திருந்தார்கள். வெளியானதில் நல்லவன் வென்றால் நன்மை, கெட்டவன் வென்றால் தீமை என்று நேர்ப்படுத்திவிட்டார்கள். பம்ப்பை அவ்வளவு மௌனமாகக் காட்டத் துணிந்த ஆட்டம் இங்கே ஏன் பயந்ததோ.

தொடரின் உரிமை பிறகு பெதஸ்டாவுக்குக் கைமாறி, 2008ல் ஃபால்அவுட் 3 வந்தது. நம் பக்கம் அதைப் பற்றி நினைவிருக்கிற ஒரு விஷயம், எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்பை இந்தியாவில் வெளியிடப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கலாசார உணர்வுகள் என்று பொதுவாகச் சொன்னார்கள். அந்த உலகத்தில் இரண்டு தலையுள்ள மாட்டுக்குப் 'பிராமின்' என்று பெயர், அதுதான் காரணமாக இருக்கும் என்று பலரும் ஊகித்தார்கள். இந்திய மாடுகளிலிருந்து அமெரிக்காவில் உருவாக்கிய பிராமன் என்ற இனத்தை வைத்துச் செய்த சொல் விளையாட்டு அது. முதல் ஆட்டத்திலேயே அந்த மாடு இருக்கிறது. ஷேடி சாண்ட்ஸ் ஊர்த் தலைவர் அராதேஷ் பேச்சுக்குப் பேச்சு தர்மத்தை இழுப்பதும் இருக்கிறது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஃபால்அவுட் 3ன் மையமும் தண்ணீர்தான். ஒரு நதியையே சுத்திகரிக்கும் எந்திரம். ஆனால் கெடு இல்லை. எல்லோரும் தாகத்தில் இருக்கிறார்கள், யாரும் தாகத்தில் சாவதில்லை, நீங்கள் ஆற அமரச் சுற்றிவிட்டு வரலாம். கடைசியில் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் ஒருவர் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும், போனவர் சாவார். பக்கத்திலேயே ஃபாக்ஸ் நிற்கிறான், கதிர்வீச்சு அவனை ஒன்றும் செய்யாது. 'நீ போய்ட்டு வாயேன்' என்றால், இது உன் விதி, நான் குறுக்கிட மாட்டேன் என்கிறான். ஆடியவர்கள் கொதித்துப்போனார்கள். 2009ல் வந்த இணைப்பில்தான் அதைச் சரிசெய்தார்கள். கிலோமீட்டர் கணக்கில் நிலத்தைத் திறந்து வைத்துவிட்டு, ஒரே ஒரு அறை வாசலில் மூடியதுதான் அந்த ஆட்டத்தைப் பற்றிய என் தீர்ப்பு.

பழைய ஆட்களில் சிலர் இருந்த அப்சிடியன் நிறுவனம் 2010ல் செய்த நியூ வேகாஸ்தான் முதல் ஆட்டத்தின் உண்மையான வாரிசு. அங்கே சண்டையே ஹூவர் அணைக்காக. ஆனால் எனக்குப் பிடித்தது அணை இல்லை, ஓரமாகக் கிடக்கும் ஒரு சின்ன வழக்கு. அரசாங்கப் பண்ணைக்குப் போகும் தண்ணீர் குறைகிறது, அதை விசாரிக்கப் போன ஒரு படைவீரன் காணாமல் போகிறான். துப்புத் துலக்கினால், ஏழைகள் வாழும் வெஸ்ட்சைடுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்ட ஒரு நல்ல மனிதன்தான் ரகசியத்தைக் காக்க அவனைக் கொன்றிருக்கிறான் என்று தெரிகிறது. காட்டிக்கொடுத்தால் நீதி. மறைத்தால் தண்ணீர். நெக்ரோபோலிஸ் பம்ப் பதின்மூன்று வருடம் கழித்து வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. இந்தத் தடவை சரிசெய்யக் கூடிய பம்ப் எதுவும் இல்லை.

முதல் ஆட்டத்தின் முடிவைச் சொல்லிவிட்டால் ரசம் கெட்டுவிடும் என்பார்கள், இத்தனை வருடம் ஆகிவிட்டது, சொல்லலாம். எல்லாம் முடித்துவிட்டு வால்ட் 13 வாசலுக்கு வருகிறீர்கள். ஓவர்சியர் வெளியே வந்து நிற்கிறார். எங்களைக் காப்பாற்றினாய், நன்றி, ஆனால் உன்னை உள்ளே விட முடியாது, உன்னைப் பார்த்தால் இளசுகள் எல்லாம் வெளியே கிளம்பிவிடும் என்கிறார். கதவு மூடுகிறது. நீங்கள் கொண்டுவந்த தண்ணீரில் ஒரு சொட்டுகூட உங்களுக்கு இல்லை. நெக்ரோபோலிஸை வற்றவிட்டு வந்தவருக்கும் இதே கதவுதான், சாக்கடையில் இறங்கிப் பம்ப்பைச் சரிசெய்துவிட்டு வந்தவருக்கும் இதே கதவுதான்.

புதிதாக ஆடப் போகிறவர்களுக்கு: இன்றைய கணினிகளிலும் ஓடுகிறது. முதல் அரை மணி நேரம் எலிகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ரிப்பேருக்குக் கொஞ்சம் புள்ளி ஒதுக்கி வையுங்கள். நாயை ராணுவத் தளத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள்.